பெண் தன்னைத் தானே வரைந்தபோது

(இளநிலைத் தாவரவியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

நம் கல்லூரிக்குக் கலைக் கல்லூரி என்று பெயர். ஆயினும் இங்கே ஓவியத்திற்கெனத் தனித்துறை கிடையாது. நானும் ஓவியம் பயின்றவள் அல்லள், தாவரவியல் மாணவி. அப்படியிருக்க, பெண் ஓவியர்களைப் பற்றி நான் ஏன் எழுதப் புகுந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

முதலாண்டில் ஒரு நாள் செய்முறை வகுப்பு. மக்காச்சோளத் தண்டின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். நான் எடுத்த வெட்டு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் கிழிந்தும் இருந்தது. நானோ பாடநூல் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, வட்டம் பிசகாமல், சாற்றுக்குழாய்க் கற்றைகளைச் சீராகப் பரப்பி வரைந்து நீட்டினேன். விரிவுரையாளர் அம்மையார் என் படத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து நுண்ணோக்கியிலும் பார்த்தார். "படம் அழகாத்தான் இருக்கும்மா. ஆனா இது உன் கண்ணாடித் தட்டுல இல்லையே. தெரிஞ்சதை வரையாதே, தெரியறதை வரை" என்று சொல்லிச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார்.

அதே மாதத்தில் வீட்டில் ஒரு நிகழ்ச்சி. எனக்கு ஒரு வரன் வந்தது. படம் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் படக்கடை ஒன்றில் எடுத்தோம். நான் நல்ல கறுப்பு. கையில் வந்த படத்திலோ பாலில் கழுவியதுபோல் ஒரு முகம் இருந்தது. நெற்றியில் இருந்த அம்மைத் தழும்பும் காணோம். "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டோம், அதுக்குத் தனிக் காசு வேண்டாம்" என்றார் கடைக்காரர். அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீ இல்லையேடி" என்றாள்.

விரிவுரையாளர் சொன்னதும் எழுத்தறியாத என் தாய் சொன்னதும் ஒரே சொல்லாக எனக்குப் பட்டது. பெண்ணின் உடலை உள்ளபடி பார்த்து, நாணாமல், பெருமையோடு வரைந்தவர்கள் யாரேனும் உண்டா என்று தேடத் தொடங்கினேன். நூலகத்தில் கிடைத்த ஓவிய நூல்களைப் புரட்டியும், கைப்பேசியில் ஓவியங்களைத் தேடிப் பார்த்தும் நான் அறிந்தவற்றைத் தோழியர்க்கும் தோழர்க்கும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடைக்கப்பட்ட கதவு

ஐரோப்பிய ஓவியக் கூடங்களில் பெண்ணின் உருவத்திற்குக் குறைவே இல்லை. தேவதையாக, அரசியாக, நீராடும் மங்கையாக எங்கும் பெண்களே. ஆனால் அவற்றை வரைந்த கைகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்களுக்கு வரையத் தெரியாதா? தெரியும். கற்கத்தான் இடம் தரவில்லை.

மனித உருவத்தைச் சரியாக வரைய வேண்டுமானால் உயிருள்ள உடலைப் பார்த்து வரைந்து பழக வேண்டும். நாம் இலையையும் வேரையும் பார்த்து வரைவது போன்றதே இது. இந்தப் பயிற்சி வகுப்பில்தான் பெண்களுக்கு அனுமதி இல்லை. இலண்டனில் இராயல் அகாடமி 1768-இல் நிறுவப்பட்டபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்களும் இருந்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் சோஃபனி என்ற ஓவியர் அகாடமி உறுப்பினர்கள் கூடியிருக்கும் காட்சியை வரைந்தார். ஆடையற்ற ஆண் ஒருவர் அமர்ந்திருக்க, உறுப்பினர்கள் சுற்றி நிற்கிறார்கள். அந்த இரு பெண் உறுப்பினர்கள் எங்கே? சுவரில் இரண்டு படங்களாகத் தொங்குகிறார்கள்! அந்த அறைக்குள் பெண் இருப்பது முறையன்று என்று, நிறுவிய உறுப்பினர்களையே ஓவியர் சட்டத்திற்குள் அடைத்துவிட்டார். பாரிஸ் நகரத்து அரசுக் கவின்கலைப் பள்ளியோ 1897-ஆம் ஆண்டில்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

இந்நிலையில் ஒரு பெண் ஓவியருக்குத் தடையின்றிக் கிடைத்த உடல் ஒன்றே ஒன்று. அது அவருடைய சொந்த உடல். அதைப் பார்க்க ஒரு கண்ணாடி போதும். பெண் ஓவியர்கள் பலர் தம்மைத் தாமே வரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

வலிய கை: ஆர்ட்டெமீசியா

இத்தாலி நாட்டு ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி 1593-இல் உரோமில் பிறந்தவர். தந்தையும் ஓவியர் என்பதால் வீட்டிலேயே தொழிலைக் கற்றார். 1616-இல் ஃபிளாரன்ஸ் நகர ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். அக்கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே.

ஏறத்தாழ 1638-இல் அவர் வரைந்த தன்னுருவ ஓவியம் ஒன்று இன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஓவியக்கலையையே ஒரு பெண்ணாக உருவகம் செய்வது அக்கால வழக்கம். ஆண் ஓவியர்கள் அதற்கு யாரோ ஓர் அழகியை வரைவார்கள். ஆர்ட்டெமீசியா தம்மையே வரைந்துவிட்டார். 'நானே ஓவியக்கலை' என்பது போல!

அந்தப் படத்தில் அவர் நம்மைப் பார்ப்பதில்லை. புன்னகை இல்லை. உடலை ஒருபுறம் சாய்த்து, கையை உயர்த்தி, வேலையில் மூழ்கியிருக்கிறார். சட்டைக் கை மேலேறி, திரண்ட முன்கை தெரிகிறது. முடிக்கற்றை கலைந்திருக்கிறது. ஒரு கண்ணாடியில் பார்த்தால் இந்தக் கோணம் தெரியாது. இரண்டு கண்ணாடிகளை வைத்துத்தான் பார்த்திருக்க முடியும். உடலின் பெருமை என்றால் ஆடை களைவது என்று பொருளன்று. உழைக்கும் கை ஒன்றை மறைக்காமல் காட்டுவதும் உடலின் பெருமைதான்.

தன் பெயரைத் தானே இட்டவர்: பவுலா

அடுத்து ஜெர்மனி. பவுலா மோடர்சோன்-பெக்கர் 1876-இல் பிறந்தவர். ஓவியர் ஓட்டோ மோடர்சோனை 1901-இல் மணந்தார். 1906-இல் கணவரை விட்டுப் பிரிந்து, ஓவியம் ஒன்றே குறியாகப் பாரிஸில் தங்கினார். அந்த ஆண்டு மே 25, அவருடைய மண நாள். அதை ஒட்டித் தம் உருவத்தை இடைவரை ஆடையின்றி, கழுத்தில் அம்பர் மணிமாலையோடு, வயிறு சற்றுப் பருத்ததாக வரைந்தார். ஆனால் அப்போது அவர் கருவுற்றிருக்கவில்லை. அந்த வயிற்றில் அவர் சுமந்தது குழந்தையையா, இனி வரையப்போகும் ஓவியங்களையா என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரு பெண் தம் உடலைத் தாமே ஆடையின்றி வரைந்த முதல் ஓவியங்களுள் ஒன்றாக இதைக் கலை வரலாற்றறிஞர் கருதுகின்றனர்.

படத்தின் அடியில், முப்பது வயதில் தம் ஆறாம் மண நாளில் வரைந்ததாகக் குறித்து, 'பி.பி.' என்று கையொப்பம் இட்டார். கணவரின் பெயருக்குரிய எழுத்து அதில் இல்லை. அது பவுலா பெக்கர், பிறந்தபோது பெற்ற பெயர்.

பின்னர் அவர் கணவரோடு மீண்டும் சேர்ந்தார். 1907 நவம்பரில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். மூன்று வாரங்கள் ஆகுமுன் இரத்தக் கட்டி அடைப்பினால் இறந்தார். வயது 31. வாழ்ந்த காலத்தில் மிகச் சில படங்களே விலைபோயின. ஆனால் 1927-இல் பிரேமன் நகரில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு பெண் ஓவியருக்கென்றே உலகில் அமைந்த முதல் அருங்காட்சியகம் அதுவே.

சலவைக்காரியின் மகள்: சூசான் வாலடோன்

இவர்களுள் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் பிரான்ஸ் நாட்டு சூசான் வாலடோன். 1865-இல் பிறந்தார். தந்தை யாரென்று தெரியாது. தாய் துணி வெளுத்தும் வீட்டு வேலை செய்தும் வளர்த்தார். சூசான் சிறுவயதிலேயே வேலைக்குப் போனார். சர்க்கஸில் வித்தை காட்டினார். கீழே விழுந்து அடிபட்டதால் அதுவும் போயிற்று. பிறகு ஓவியர்களுக்கு முன் அமர்ந்து வரையப்படும் வேலைக்குச் சென்றார். இரென்வா, துலூஸ்-லோத்ரெக் முதலியோர் அவரை வரைந்தனர்.

மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு எப்படி விழுகிறது, வண்ணம் எப்படிக் கலக்கிறது என்பதை அசையாமல் அமர்ந்தபடியே கற்றுக்கொண்டார். பள்ளி இல்லை, கட்டணம் இல்லை, ஆசிரியர் இல்லை. அவருடைய கோட்டோவியங்களைக் கண்டு வியந்த தெகா என்ற பேரோவியர் அவற்றை விலைகொடுத்து வாங்கி ஊக்கினார். 1894-இல் பிரான்ஸ் தேசியக் கவின்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் சூசானின் படைப்புகள் இடம்பெற்றன.

1923-இல் அவர் வரைந்த 'நீல அறை' என்னும் படத்தைக் காணுங்கள். கட்டிலில் சாய்ந்து கிடக்கும் பெண் என்பது ஐரோப்பிய ஓவியத்தில் மிகப் பழைய காட்சி. அப்பெண் ஆடையின்றி, பார்ப்பவரைக் கவரும்படி கிடப்பாள். சூசான் வரைந்த பெண்ணோ கோடு போட்ட கால்சட்டை அணிந்திருக்கிறாள். பருத்த உடல். வாயில் சிகரெட். கால்மாட்டில் புத்தகங்கள். யாருக்காகவும் அவள் காத்திருக்கவில்லை. புகைபிடிப்பதை நான் போற்றவில்லை; வேலை முடிந்து ஒரு பெண் தனக்காகக் கால்நீட்டிப் படுத்திருப்பதைப் போற்றுகிறேன். எங்கள் தெருவில் அப்படிப் படுத்திருக்கும் பெண்ணை நான் கண்டதில்லை.

1931-இல், அறுபத்தைந்தைத் தொட்ட வயதில், மார்பை மறைக்காமல் தம்மையே வரைந்தார். தளர்ந்த தோல், இறுகிய வாய், நேரான பார்வை. இளமையில் பிறர் தூரிகையில் அழகியாக இருந்தவர், முதுமையில் தம் தூரிகையில் தாமாக இருந்தார்.

முறிந்த முதுகு, நேரான பார்வை: ஃபிரீடா

மெக்சிகோவின் ஃபிரீடா காலோவைப் பலரும் அறிவர். 1907-இல் பிறந்தவர். ஆறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலக்கால் சூம்பியது. மருத்துவம் பயிலும் எண்ணத்தோடு படித்துக்கொண்டிருந்தவர், 1925 செப்டம்பர் 17 அன்று பேருந்து விபத்தில் சிக்கினார். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. அப்போது வயது 18. படுத்த படுக்கையான மகளுக்குத் தாய் கட்டிலின் மேற்கூரையில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தார்; படுத்தபடி வரைய ஒரு சட்டமும் செய்து தந்தார். அங்கே தொடங்கியது அவருடைய ஓவிய வாழ்வு.

இணைந்த புருவத்தையும் மேலுதட்டு மயிரையும் அவர் தம் படங்களில் மறைத்ததே இல்லை. 1944-இல் வரைந்த 'முறிந்த தூண்' என்ற படத்தில் உடல் நடுவே பிளந்திருக்கிறது. முதுகெலும்பு இருக்குமிடத்தில் வெடித்த கல்தூண் ஒன்று நிற்கிறது. உடலெங்கும் ஆணிகள். இடுப்பைப் பிடித்திருக்கும் கவசம். கன்னத்தில் கண்ணீர். ஆனால் கண்கள் தாழவில்லை. குறையில்லாத உடலைப் பற்றிப் பெருமைப்படுவது எளிது. குறையோடு கூடிய உடலை 'இது என்னுடையது' என்று சொல்வதுதான் அரிது.

நம் நிறம்: அம்ரிதா ஷேர்-கில்

இனி நம் நாட்டிற்கு வருவோம். அம்ரிதா ஷேர்-கில் 1913-இல் புடாபெஸ்ட்டில் பிறந்தார். தந்தை சீக்கியர், தாய் ஹங்கேரி நாட்டவர். பதினாறு வயதில் பாரிஸ் சென்று, 1897 வரை பெண்களுக்குக் கதவடைத்திருந்த அதே கவின்கலைப் பள்ளியில் பயின்றார். 'இளம் பெண்கள்' என்ற படத்திற்காக 1933-இல் பாரிஸில் தங்கப் பதக்கம் பெற்றார்.

1934-இல் தம்மைத் தாகித்தித் தீவுப் பெண்ணைப் போல வரைந்தார். காகன் என்ற பிரெஞ்சு ஓவியர் அத்தீவுப் பெண்களை வரைந்து புகழ் பெற்றவர். பழுப்பு நிறப் பெண்ணை வெள்ளை ஆண் பார்த்து வரைந்த வரிசையில், பழுப்பு நிறப் பெண்ணே தன்னை வரைந்துகொண்டு வந்து நின்றாள். அந்த ஆண்டின் இறுதியில் அவர் இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டே 'மூன்று பெண்கள்' பிறந்தது. அம்மூவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் சிவப்பும் பச்சையும் காவியுமான வண்ணங்களுக்கு நடுவே அவர்கள் தோல் மாணிக்கம் போல் ஒளிர்கிறது.

பிறகு தென்னாட்டுப் பயணம். அசந்தா, எல்லோரா கண்டு, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் படியெடுத்து, குமரிமுனை வரை வந்தார். அதன் பயனாக 1937-இல் மூன்று பெரிய படங்களை வரைந்தார். அவற்றுள் ஒன்று 'சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தார்'. அதில் உள்ளவர்கள் கறுப்பர்கள், உயரமானவர்கள், நிமிர்ந்தவர்கள். மற்றொன்று 'மணப்பெண்ணின் ஒப்பனை'. அதில் மணப்பெண் மட்டும் சுற்றியிருப்போரைவிட வெளுத்திருக்கிறாள். அம்ரிதாவின் படத்தில்கூட மணப்பெண் வெளுப்புத்தானா என்று எனக்குச் சற்று வருத்தமே. 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில் அவர் மறைந்தபோது வயது 28.

இங்கே அறிவியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவரிடமும் வெளுத்தவரிடமும் ஏறத்தாழ ஒன்றே. அவை எவ்வளவு, எவ்வகை மெலனினை உண்டாக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. கதிரவனின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் குடை அது. ஓவியரின் பழுப்பு வண்ணங்களோ இரும்பு ஆக்சைடு கலந்த மண்ணிலிருந்து வந்தவை. தோலின் கறுப்பை வெறும் கறுப்பு மசியால் வரைய முடியாது. செம்மண், காவி, நீலம், சிறிது பச்சை எல்லாம் சேர வேண்டும். படக்கடைக்காரர் என் முகத்திலிருந்து அழித்தது ஒரு நிறத்தை அன்று, நான்கைந்து நிறங்களை!

ஒரு வினாவும் விடையும்

இக்கட்டுரையைப் படித்துப் பார்த்த விடுதித் தோழி, "ஆடையில்லாத படங்களைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதலாமாடி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எழுதும்போது என் கையும் சற்றே தயங்கியது. ஆனால் பெண்ணுடலை விலைக்கு வைக்கும் விளம்பரங்களை நாள்தோறும் பேருந்து நிலையத்தில் கடந்துதான் வகுப்புக்கு வருகிறோம். அங்கே பார்ப்பவன் ஒருவன், விற்பவன் ஒருவன். அவளுக்கு அங்கே சொல் இல்லை. இவ்வோவியங்களில் பார்ப்பவளும் அவளே, வரைபவளும் அவளே, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்பவளும் அவளே. வேறுபாடு ஆடையில் இல்லை. முடிவு யாருடையது என்பதில் இருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. அம்ரிதா செல்வக் குடியில் பிறந்தவர். அவர் வரைந்த கிராமத்துப் பெண்கள் தூரிகை பிடித்ததில்லை. தன்னைப் பார்க்க ஒரு கண்ணாடி, வரைய ஒரு தாள், உட்கார ஒரு மணி நேரம் ஆகிய மூன்றும் இல்லாத பெண்கள்தாம் உலகில் மிகுதி. சூசான் வாலடோன்கள் எல்லார் வீட்டிலும் பிறக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் கிடைப்பதில்லை.

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். செய்முறைப் பதிவேட்டில் கோடில்லாத வெள்ளைத் தாள்கள் சில மிஞ்சியிருந்தன. ஒன்றில் என் முகத்தை வரைந்தேன். மூக்கு கோணிப்போயிற்று. அம்மைத் தழும்பு மட்டும் சரியாக வந்தது. மற்றொன்றில் அம்மாவை வரைந்தேன். என் அம்மா இருபது ஆண்டுகளாகச் சித்தாள் வேலை செய்பவள். சும்மாட்டின் மேல் சாந்துச் சட்டியை வைத்து மாடி மாடியாக ஏறுபவள். "என்னைப் போயி என்னத்தடி வரையற, மூஞ்சி கழுவிட்டாவது வரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். தெரிந்ததை விட்டுத் தெரிவதை வரைந்தேன்.

படத்தைக் காட்டியபோது விரலை அதன் மேல் வைத்து, "என் கழுத்து இவ்வளவு நேராவா இருக்கு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக் கண்ணாடி கையகலம்தான். பொட்டு வைக்க நெற்றி தெரியும், கழுத்து தெரியாது. நாற்பத்தைந்து வயதில் தன் கழுத்தை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். "ஆமாம்மா, நேராத்தான் இருக்கு" என்றேன். படத்தை வாங்கி ரேஷன் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

வரன் வீட்டாருக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்ற பேச்சு அன்று மாலை வந்தது. மாமா வெளுத்த படத்தையே அனுப்பச் சொன்னார். அம்மா, "எம் பொண்ணு எப்படி இருக்காளோ அப்படியே அனுப்பு" என்று சொல்லிவிட்டாள். என் தம்பி கைப்பேசியில் எடுத்த படம் போயிற்று. அவர்களிடமிருந்து இதுவரை மறுமொழி இல்லை. எனக்கு ஏப்ரலில் தேர்வு இருக்கிறது.

தோழியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓவியம் தெரியாவிட்டாலும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, ஒரே ஒரு முறை உங்களை நீங்களே வரைந்து பாருங்கள். படம் நன்றாக வராது, அதனால் குற்றமில்லை. வரைந்து முடிப்பதற்குள் உங்கள் முகத்தை அரைமணி நேரமாவது குறை கூறாமல் உற்றுப் பார்த்திருப்பீர்கள். தோழர்களே, உங்களிடம் வேண்டுவது இன்னும் எளிது. உங்கள் தாயை ஒரு நாள் உட்காரவைத்து வரையுங்கள். நம் துறைத் தலைவர்களிடமும் முதல்வர் அவர்களிடமும் வேண்டுவது, ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் கல்லூரியில் மாணவ மாணவியர் ஓவியக் கண்காட்சி ஒன்று நடத்த வேண்டும் என்பதே. அதில் வைக்க என்னிடம் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் அம்மாவிடம் கேட்டு வாங்கிவர வேண்டும்.